தங்கம்மையின் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு

உடல் எடையைக் குறைக்க ஆலோசனை சொல்வது என்பது, பிறர் தின்றதையெல்லாம் கேட்டுக் கேட்டு நம் வயிற்றைக் கழுவும் தொழில். அமரவிளையில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்து இதைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். முன்னறையில் ஷைனி இருக்கிறாள். பெயரைப் பதிவது, எடை பார்ப்பது, வருபவர்களின் சாக்குப்போக்குகளில் பாதியை வாசலிலேயே வடிகட்டுவது ஆகியவை அவளுடைய பணிகள். செருப்பைக் கழற்றி, வளையலையும் கழற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு எடை எந்திரத்தின் மேல் ஏறி நின்ற அனுபவம் உங்களுக்கு இருக்குமானால், நாம் ஒரே நோயாளிக் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். எந்திரத்தின் இந்தப் பக்கம் நிற்பவர்களுக்கும் சில துன்பங்கள் உண்டு. அவற்றுள் சிலவற்றை, பெயர்களை மட்டும் மாற்றி, இங்கே எழுதுகிறேன்.

ஒரு நேரம் என்பது எவ்வளவு நேரம்

எங்கள் தொழிலில் தீராத வழக்கு ஒன்று உண்டு. எடை குறைத்துக்கொண்டிருப்பவர் வாரத்தில் ஒருமுறை மனம்போலச் சாப்பிட அனுமதிக்கலாமா, கூடாதா? அனுமதித்தால் ஆறு நாள் கட்டுப்பாடு ஒரே மதியத்தில் கரைந்துவிடும் என்பது ஒரு கட்சி. அனுமதிக்காவிட்டால் பத்தாவது நாள் ஆளே காணாமல் போய்விடுவார் என்பது மறு கட்சி. தொடக்கத்தில் நான் முதல் கட்சி; ஒரு துண்டு வெல்லத்துக்குக்கூட இடம் கொடுக்காமல் அட்டவணை எழுதியவள். மனிதர்களைப் பார்த்துப் பார்த்துப் பிற்பாடு மறு கட்சிக்கு மாறினேன். ஞாயிறு மதியம் ஒரு நேரம் பிடித்ததை உண்ணலாம். உண்பதைப் புகைப்படம் எடுத்து எனக்கு அனுப்பிவிட வேண்டும். இதுவே என் விதி.

இந்த விதியை முதலில் சோதித்துப் பார்த்தவர் உதியன்குளங்கரையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவருடைய சபையில் அறுப்பின் பண்டிகை. பன்னிரண்டரை மணிக்குப் பிரியாணியில் தொடங்கி, மாலை ஐந்து மணிக்குப் பாயசத்தில் முடியும்வரை பதினொரு படங்கள் வந்து சேர்ந்தன. திங்கட்கிழமை அவரை உட்காரவைத்து, இது எந்தக் கணக்கு என்று பணிவாகக் கேட்டேன். கணிதம் கற்பித்தவர் அல்லவா, சிறிதும் தயங்கவில்லை: "ஒரு நேரம்ணு தானே சொன்னிய? நான் இடையில கை கழுவல்ல மேடம். கை கழுவுறது வரைக்கும் ஒரு நேரமாக்கும்."

பால் அளக்கும் பெண்

ஓணம் முடிந்த வாரம் எங்களுக்கு அறுவடைக் காலம். அந்தக் கூட்டத்தில் வந்தவர்தான் லதிகா. நாற்பத்து மூன்று வயது. பாறசாலைக்கு உட்புறமுள்ள ஒரு கிராமத்தில், பால் சொசைட்டியில் பால் அளப்பவர். திருமணம் செய்துகொள்ளவில்லை. தாய் முந்தின ஆண்டு இறந்துவிட்டதால் அந்த வீட்டில் தனியாக இருந்தார். ஒரே தம்பி அனில், ஆட்டோ ஓட்டியவர், மனைவியோடு நெய்யாற்றின்கரையில் இருந்தார். அவருடைய சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்து, வாரம் மூன்று முறை இரத்தச் சுத்திகரிப்பு நடந்துகொண்டிருந்தது. அக்காவின் சிறுநீரகம் தம்பிக்குப் பொருந்தியது. மருத்துவர்கள் ஒரு நிபந்தனை வைத்திருந்தார்கள்: தை மாதத்துக்குள் லதிகாவின் எடை எழுபது கிலோவுக்குக் கீழே இறங்க வேண்டும். அன்று எங்கள் எந்திரம் காட்டியது எழுபத்தொன்பது.

பிறரைப்போல இவர் எந்திரத்தைக் குறை சொல்லவில்லை. எண்ணைத் தம் கைப்பட எழுதிக்கொண்டு, நேராக என்னைப் பார்த்துச் சொன்னார்: "எனக்க உடம்புல உருப்படியா ஒண்ணு உண்டுண்ணு இப்பம்தான் ஒருத்தன் கேட்டு வந்திருக்கான். அத குடுக்க ஒரு வழி பண்ணித்தாங்க மேடம்."

எதிர்ப்பக்கம் திரும்பிய இலை

முதல் ஐந்து வாரங்களில் நான்கு கிலோ குறைந்தது. ஆறாவது வாரம் எண் அசையாமல் நின்றது. ஒன்பதாவது வாரம் ஒன்றரைக் கிலோ கூடியிருந்தது. லதிகாவின் உணவுக் குறிப்பேட்டை வரி வரியாகப் படித்தேன். கஞ்சி இத்தனை கரண்டி, பயறு இத்தனை கரண்டி, எண்ணெய் அரைத் தேக்கரண்டி என்று சொசைட்டிப் பதிவேட்டைப்போல எழுதியிருந்தார். அளவில் பொய் சொல்லும் கை அன்று என்பது எழுத்திலேயே தெரிந்தது.

பிறகு ஞாயிற்றுக்கிழமைப் படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தேன். முதல் ஐந்தில் ஒரு பழம்பொரி, இரண்டு தோசை என்று எளிய சலுகைகள். ஆறாவது படத்திலிருந்து நிறையப் பரிமாறிய வாழையிலை. நம் பக்கத்தில் இலையின் நுனி உண்பவருக்கு இடப்பக்கம் இருக்கும். இந்த நான்கு படங்களிலும் நுனி வலப்பக்கம் இருந்தது. அப்படியானால் படம் எடுத்தவர் இலைக்கு எதிரே நிற்கிறார்; உண்ண வேண்டியவர் சுவரோரமாக, நம்மைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த இடத்தில் ஒரு பாய் மட்டும் விரிந்து கிடந்தது. ஏன் இலையை மாற்றிப் போடுகிறீர்கள் என்று தொலைபேசியில் கேட்டேன். "மாறிப்போகல்ல மேடம். அது எனக்க இலை இல்ல. அம்மைக்க இலையாக்கும்."

நுரைக்குக் கணக்கு இல்லை

மறுநாள் நேரில் வந்து விளக்கினார். அவர்கள் வீட்டில் ஒரு முறை உண்டு. ஆடி அமாவாசையாகிய கர்க்கடக வாவு நாளிலும், இறந்தவரின் ஆண்டு நாளிலும், அவருக்குப் பிடித்தவற்றைச் சமைத்து உள்ளறையில் இலை போட்டு வைப்பார்கள். விளக்கேற்றிக் கதவை அடைத்துவிட்டு, வெளியே பேசாமல் காத்திருப்பார்கள். பிறகு மூன்று முறை தட்டிக் கதவைத் திறப்பார்கள். மிச்சத்தை வீட்டு இரத்தம் உள்ளவர்கள்தான் உண்ண வேண்டும். பானையில் இருப்பதையும் பிறருக்குக் கொடுக்கக் கூடாது, கொட்டவும் கூடாது. ஆறாவது வாரம் அம்மையின் முதல் ஆண்டு வந்திருக்கிறது. கதவைத் திறந்து பாயை மடிக்கக் குனிந்தபோது, பாய் சூடாக இருந்ததாம். அன்று முதல், நான் கொடுத்த ஒரு நேரச் சலுகையை லதிகா அம்மைக்குக் கொடுத்துவிட்டார். தமக்குக் கஞ்சி. அனில் உப்பும் மீனும் தேங்காயும் தொடக் கூடாதவர்; ஆகவே இலையில் இருந்ததையும், திங்கள் செவ்வாய்வரை பானையில் இருந்ததையும் லதிகா ஒருவரே உண்டு தீர்த்தார். குறிப்பேட்டில் அது ஏறவில்லை.

உண்பது யார் பங்காக இருந்தாலும் உடம்பு அதைத் தன் கணக்கில்தான் வைக்கும் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன். அவர் முகத்தில் என்மேல் இரக்கம் தோன்றியது. "பால் அளக்கும்போ நாங்க நுரைய கணக்குல எடுக்கமாட்டோம் மேடம். மிச்சமும் அப்பிடித்தான். அது தின்னதுக்கு மேல நிக்கிய நுரையில்லியா?"

ஷைனியின் கருத்து

ஷைனியின் குடும்பம் நான்கு தலைமுறையாக மிஷன் சபையைச் சேர்ந்தது. இறந்தவர்களுக்குச் சோறு வைக்கும் வழக்கம் அவர்களுக்குக் கிடையாது. ஆகவே சார்பற்ற ஒருவரின் கருத்தைக் கேட்கலாம் என்று, லதிகா படியிறங்கிய பிறகு அவளிடம் கேட்டேன். பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்: "எங்களுக்கு இதில நம்பிக்கை இல்ல. ஆனா வருசத்துக்கு ஒருக்கா வாறவள வாரா வாரம் விளிச்சா, பின்ன அவ என்னத்துக்கு திரும்பி போறா? அந்த ஞாயிற்றுக்கிழமைய குடுத்தது நீங்களாக்கும் மேடம்."

கதவில் ஒட்டியிருந்த தாள்

அடுத்த ஞாயிறு நான் லதிகாவின் வீட்டுக்குப் போனேன். துலாம் மாதமாகிய ஐப்பசியின் மழை. நடுப்பகலிலேயே வீட்டுக்குள் விளக்குப் போட்டிருந்தார்கள். அனிலும் வந்திருந்தார். கால்கள் வீங்கி, முகம் மட்டும் வற்றிப்போன மனிதர். ஒரு நாற்காலியில் உட்கார்ந்து உள்ளறைக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார். சமையலறையிலிருந்து மீன்குழம்பும் மரச்சீனி எனப்படும் மரவள்ளிக் கிழங்கு வெந்ததும் மணத்தன. என் பையில் உணவு நிறுக்கும் சிறிய தராசு இருந்தது. எத்தனை அளவு உள்ளே போகிறது என்பதை எண்ணாகக் காட்டிவிட்டால் லதிகா ஒப்புக்கொள்வார் என்பது என் திட்டம்.

உள்ளறைக் கதவில், பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்தது. சர்க்கரை நோயாளிக்கான உணவு அட்டவணை. பெயர் தங்கம்மை. கடைசி வரியின் கீழ் இரண்டு கோடுகள்: இனிப்பு, கருப்பட்டி, கிழங்கு ஒருபோதும் கூடாது. எழுத்து என்னுடையது. கீழே இருந்த கையெழுத்தும் என்னுடையது. நான் முதல் கட்சியில் இருந்த காலத்துத் தாள். அந்த முதியவளின் முகத்தை நினைவுக்குக் கொண்டுவர முயன்றேன், வரவில்லை. எத்தனையோ பேருக்கு எழுதியிருக்கிறேன். என்னிடம் ஏன் முன்பே சொல்லவில்லை என்று லதிகாவிடம் கேட்கவில்லை. அம்மா கருப்பட்டி கேட்டதுண்டா என்று மட்டும் கேட்டேன். "தினமும் கேப்பா. ஒரு நுள்ளு தாடீ, கட்டங்காப்பி இறங்கமாட்டேங்குதுண்ணு. கடைசி நாளும் கேட்டா. நான் இந்தத் தாள காட்டிக்குடுத்தேன்."

ஐம்பத்தேழு கிராம்

எதையாவது செய்துகொண்டிருப்பது நல்லது என்று தோன்றியதால் தராசை எடுத்தேன். லதிகா தடுக்கவில்லை, அளப்பது அவருக்கும் இயல்பான காரியம். சோறு, கிழங்கு, சாளைமீன் குழம்பு, ஒரு துண்டு கருப்பட்டி ஆகியவற்றைத் தனித்தனிக் கிண்ணங்களில் நிறுத்து எழுதினேன். கருப்பட்டி ஐம்பத்தேழு கிராம். கிண்ணங்கள் இலைமேல் அமர்ந்தன. அறைக்கு ஒரே சன்னல். அதன் கொண்டியை நானே இழுத்துப் பார்த்தேன். கதவு அடைக்கப்பட்டது. மூவரும் வெளியே அமர்ந்தோம். அரைமணி நேரம் ஒருவரும் பேசவில்லை. மழை இரைச்சலுக்குள் வேறு ஏதேனும் கேட்டதா என்று நீங்கள் கேட்டால், கேட்டது என்று சொல்லமாட்டேன். கேட்கவில்லை என்று எழுதித்தரவும் மாட்டேன். அனிலின் முகம் மட்டும் நினைவிருக்கிறது. பசித்தவர் உண்பதைப் பார்த்துக்கொண்டிருப்பவரின் முகம் அது.

கதவைத் திறந்து மீண்டும் நிறுத்தேன். சோற்றில் பதினொரு கிராம் குறைவு, ஆவி. குழம்பில் ஆறு, அதுவும் ஆவி. கிழங்கில் ஐந்து. கருப்பட்டி ஐம்பத்து மூன்று. மூன்று முறை நிறுத்தேன்; மூன்று முறையும் ஐம்பத்து மூன்று. எறும்பு இல்லை, எலி புகும் வழி இல்லை, பல் பட்ட தடமும் இல்லை. மழைநாளில் கருப்பட்டி காற்றின் ஈரத்தை உறிஞ்சி எடை கூடுமே தவிரக் குறையாது. இதை நான் கல்லூரியில் படித்துத் தேர்வும் எழுதியிருக்கிறேன். லதிகா என் தோளுக்கு மேலாக எண்ணைப் பார்த்துவிட்டு, வியப்பில்லாமல் சொன்னார்: "சுகர் உள்ளவளாக்கும். கொஞ்சமாத்தான் எடுப்பா."

தடுத்த கை

என் கடமையை நான் செய்ய வேண்டியிருந்தது. தைக்கு இன்னும் பத்து வாரங்களே இருந்தன. குறைய வேண்டியது ஆறரைக் கிலோ. "இதை இன்றோடு நிறுத்துங்கள், லதிகா" என்றேன்.

"முடியாது மேடம். அவகிட்ட ஒருக்கா இல்லேண்ணு சொன்னது போதும்."

"அப்படியானால் அனில்?"

அனில்தான் பேசினார். "அம்மைக்கா எனக்காண்ணு அக்காகிட்ட கேக்காதிங்க மேடம். எனக்கு ஒண்ணும் வேண்டாம். நான் அந்த மெஷீன்லயே கிடந்துக்கிடுயேன்."

"எலே, வாய மூடுலே!" என்று லதிகா கத்தினார். நிறுத்தினால் இறந்தவளுக்கு இரண்டாம் முறையும் மறுப்பு. நிறுத்தாவிட்டால் இருப்பவன் போய்விடுவான். அட்டவணையில் தீர்க்க முடியாத சிக்கல் இது என்பது எனக்குப் புரிந்தது. வேறு யாருமே அந்த மிச்சத்தை உண்ணக் கூடாதா என்று கேட்டேன். உண்ண வீட்டு இரத்தம் உள்ள ஆள் இல்லாவிட்டால், இறந்தவருக்கு யார்மேல் மனத்தாங்கலோ அவர் உண்ணலாம். அப்படி உண்டால் தாங்கல் தீரும் என்று அம்மையே சொன்னதுண்டு என்றார் லதிகா. சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார். கதவில் ஒட்டியிருந்த தாளை அனில் பார்த்தார்; பிறகு என்னைப் பார்த்தார். அவர் சிரித்ததை அன்றுதான் கண்டேன். "பின்ன என்ன அக்கா? இலைய மேடத்துக்க முன்ன திருப்பி வை. தடுத்த கை தின்னட்டு."

தூக்குச்சட்டி

தின்றேன். ஒரு ஞாயிறு அல்ல, பத்து ஞாயிறுகள். கதவு திறந்ததும் இலையில் இருந்ததை அங்கேயே உண்டேன். பானையில் மீந்ததை லதிகா தூக்குச்சட்டியில் ஊற்றித் தருவார். அதைப் பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு அமரவிளைக்குக் கொண்டுவந்து, திங்களும் செவ்வாயும் உண்பேன். என் கணவருக்கு வளைகுடாவில் வேலை. பங்குபோட வீட்டில் ஆள் இல்லை, இருந்தாலும் கொடுக்கக் கூடாது. லதிகாவின் எடை வாரந்தோறும் ஒழுங்காக இறங்கியது. அவர் என்னை மேடம் என்பதை விட்டுச் சேச்சி என்று அழைக்கத் தொடங்கினார்.

என்னைப் பற்றிய குறிப்புகளையும் நேர்மையாகத் தர வேண்டும். கருப்பட்டியின் மணம் சிறுவயது முதலே எனக்கு ஆகாது. மூன்றாவது வாரம், யாரும் சொல்லாமல், அதைக் கடித்துக்கொண்டு பாலில்லாத கட்டங்காப்பி குடித்தேன். ஐந்தாவது வாரம் முதல், வயிறு நிறைந்த பிறகும் பசி தீரவில்லை. அது என்னிடமிருந்து ஓரடி தள்ளி, எனக்காகக் காத்துக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. அந்தப் பசிக்காக இன்னொரு கரண்டி போட்டுக்கொள்வேன். ஒரு திங்கட்கிழமை காலை நான் மாடியேறி வந்தபோது, ஷைனி எழுந்து நின்று எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். எடை கூடிவிட்டது, நடையில் சத்தம் வரத்தான் செய்யும் என்று சமாதானம் சொன்னேன். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. "எடை கூடினா சத்தம் பெரிசாகும் மேடம். ரெண்டு ஆளுக்க சத்தம் ஆகாது."

வாவுக்குப் பிறகு

தை இரண்டாவது வாரம் லதிகா அறுபத்தொன்பது கிலோ அறுநூறு கிராம் இருந்தார். ஷைனியும் நானும் எந்திரத்தை மூன்று முறை சரிபார்த்தோம். மாசியில் அறுவை சிகிச்சை நடந்தது. இருவரும் நலமாக எழுந்தார்கள். அனில் இப்போது குறைந்த தூரத்துக்கு ஆட்டோ ஓட்டுகிறார். ஒருநாள் மருந்துக்கடை வாசலில் வண்டியை நிறுத்தி, ஆரன் மட்டும் அடித்துவிட்டுப் போனார்.

கர்க்கடக வாவு கழிந்த மறுநாள் லதிகா எடை பார்க்க வந்தார். அறுபத்தெட்டு. ஆனால் முகத்தில் நிறைவு இல்லை. என்ன என்று கேட்டேன். ஷைனி முன்னறையில் எழுதுவதை நிறுத்தியது எனக்குக் கேட்டது. லதிகா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "எல்லாம் செய்து கதவ அடைச்சோம் சேச்சி. ஆளு வரல்ல. வந்தா எனக்குத் தெரியும்; அறை ஒழிஞ்சு கிடக்கு. தூக்குச்சட்டிக்கு பின்னால போன அம்மை இன்னும் திரும்பல்ல. வேற என்ன சொல்ல? உங்க வீட்டில அவள பட்டினி போட்டிராதிங்க."

ஆகவே, என்னோடு சேர்ந்து துன்பப்படும் நண்பர்களே, எடை குறைப்பவருக்கு வாரம் ஒரு நேர விருந்தை அனுமதிக்கலாமா என்று யாராவது உங்களிடம் கேட்டால், தாராளமாக அனுமதிக்கலாம், ஆனால் அதை உண்ணப்போவது யார் என்பதை மட்டும் முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள் என்பதே, சில மாதங்களாகத் தன் சொந்த எந்திரத்தின் மேல் ஏறி நிற்கத் துணியாத ஒருத்தியின் தொழில்முறை ஆலோசனை.